கம்பி ஓட்டை விழுந்த கார்டு

என் வீட்டுக்காரருக்குப் பழைய கார்டுப் பைத்தியம். கார்டு என்றால் தபால் கார்டு. ஊர்க்காவலன் என்று பேர் வைத்தாலும் வைத்தார்கள், எந்த ஊரில் எவர் வீட்டுப் பரணில் பழைய கடுதாசி கிடக்கிறது என்பதைத்தான் மனுஷன் காவல் காத்தார். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மிஷின் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் ஏறி விருதுநகர் போய் உக்கிரபாண்டி அண்ணாச்சியின் பழைய பேப்பர் கடையில் குத்தவைத்துவிடுவார். கோபுரப் படம் போட்டது, வெள்ளைக்கார ராஜா தலை போட்டது, மினுமினுப்புத் தூவிய பழைய பொங்கல் வாழ்த்து என்று பொறுக்கி, பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் எடுத்து மெட்ராஸில் கார்டு சேகரிக்கிற ஒருத்தருக்கு அனுப்புவார். அவருக்குப் பிடித்து வாங்கிக்கொண்டால் அன்றைக்கு எங்கள் வீட்டில் சேவு, அல்வா எல்லாம் உண்டு. பிடிக்காவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். ஆளுக்கொரு செல்போன் வாங்கிவிட்டு, கடுதாசிக் கட்டைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். இவருக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் வருகிறதில் முக்கால்வாசி கழிசல். நம் வீடுகளில் கடுதாசி வந்தால் படித்துவிட்டு உத்தரத்தில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவோம் இல்லையா? நடுவில் ஓட்டை விழுந்துவிடும். சேகரிக்கிற பெரிய மனுஷர்களுக்கு ஓட்டை ஆகாது. அந்த ஓட்டைக் கார்டுகள் எல்லாம் எனக்கு வந்துசேரும்.

நான் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வெடிக்குக் குழாய் உருட்டிக் கொடுக்கிறேன். உருட்டுக் கம்பியில் முதலில் மட்டித்தாள் என்கிற முரட்டுத் தாள், அதன்மேல் பசை தடவிய கார்டு. ஒரு உருட்டு, குழாய் ரெடி. கார்டு விறைப்பாக நிற்கும். கம்பெனியில் மருந்து அடைத்துக் காயவைத்து, கடைசியில் கலர் தாள் ஒட்டுவார்கள். இவருக்கு ஆகாதது எனக்கு ஆகிறது, இதில் என்ன குறை என்றுதான் இருந்தேன்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் முற்பகல், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கையில் மஞ்சள் பை, காலில் செருப்பில்லை. இவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். வீட்டில்தான் இருந்தார்.

"கடுதாசி வாங்குறவரு வீடு இதுதானா தாயி? பேப்பர்க் கடை அண்ணாச்சி இங்கனதான் போகச் சொன்னாக."

"ஆமா, உள்ள வாங்க பெரியம்மா. எந்த ஊரு?"

காரியாபட்டிப் பக்கம் என்றார். பேர் சண்முகத்தாய். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்.

"மக பேறுகாலத்துக்குத் திருப்பூர் போயிருந்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்கேன்னு மூத்தவன் கடுதாசி எல்லாத்தையும் கம்பியோட எடைக்குப் போட்டுட்டான். வந்து பாத்தா உத்தரம் மொட்டையா இருக்கு. அதுல எளையவன் முனியசாமி போட்ட கார்டு ஒண்ணு இருந்துச்சு. லாரிக்குக் கிளீனராப் போனவன். நாக்பூர்ல இருந்து போட்டான். அம்புட்டுதான் அவன் எழுதுனது. அடுத்து அவன் செத்த சேதிதான் வந்துச்சு."

இவர் மெதுவாகக் கேட்டார். "அந்தக் கடுதாசி?"

"அதை வாசல்லயே படிச்சுக் கிழிச்சுப் போட்டாச்சுய்யா. சாவுக் கடுதாசிய வீட்டுக்குள்ள வைக்க மாட்டோம்ல. கம்பியில இருந்தது அவன் வாரேன்னு சொன்னது மட்டுந்தான்."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கம்பியில் நல்ல சேதி மட்டும்தான் தொங்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாது தாயி. ஆனாப் பாத்தாச் சொல்லிருவேன். கீழ ஒரு லாரி வரஞ்சிருப்பான். வண்டியவிட டயரு பெருசா இருக்கும்."

அந்த லாரியை நான் பார்த்திருக்கிறேன். பசை தடவும்போது பார்த்து, எந்தக் கிறுக்கன் இப்படி வரைந்தான் என்று தனியாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உருட்டினேன்.

இவருக்கு அது தெரியாது. ஓட்டைக் கார்டு மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டி, ஒவ்வொரு கார்டாக அந்த அம்மாவிடம் நீட்ட ஆரம்பித்தார். அந்த அம்மா ஒவ்வொன்றையும் வாங்கி, கீழ்மூலையைப் பார்த்து, பூப்போல ஓரமாக வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"அதுல இல்லை. நான் உருட்டிட்டேன். போன வாரம் விஸ்வநத்தத்துக்குப் போயிருச்சு" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். முகம் மலர்ந்து, "அப்ப இருக்குல்ல? சுருட்டித்தான வச்சிருக்கு. பிரிச்சுக்கிடலாம்ல?" என்றார்.

மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எங்களை நிற்கவைத்துவிட்டு, போர்மேன் அய்யாதுரை அண்ணனைக் கூப்பிட்டு விவரம் சொன்னார் இவர். அய்யாதுரை அண்ணன் கறார் பேர்வழி. அன்றைக்கு அந்த அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனார். கலர் தாள் ஒட்டுகிற பிள்ளைகளிடம் லாரிப் படம் என்று சொன்னதுமே எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். அவர்களும் பார்த்துச் சிரித்து, கடைசியாக ஒட்டலாம் என்று தனியாக வைத்திருந்தார்கள்.

அவர் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் களிமண் அடைத்து, திரி வைத்த குழாய். மேல் சுற்றில் லாரியின் பின்பாதி தெரிந்தது. அதற்கு மேலே நீல மையில் ஒன்றரை வரி.

சண்முகத்தாய் அம்மா விரலால் அந்த டயரைத் தொட்டார். "இதான். இவன்தான்" என்றார். பிறகு என்னிடம், "மேல என்ன போட்டிருக்கு தாயி?"

"கோயில் கொடைக்கு முன்னாடி வந்துருவேன். நீ வெயில்ல..." அதற்கு மேல் வளைந்து உள்ளே போய்விட்டது.

"நீ வெயில்ல வேலைக்குப் போகாத. காலுக்குச் செருப்பு வாங்கியாரேன்" என்று அந்த அம்மா முடித்தார். முழுக் கார்டும் மனப்பாடம். சொல்லிவிட்டு, "பிரிச்சுக் குடுங்கய்யா" என்றார்.

"மருந்து அடைச்சாச்சும்மா. உரிச்சா உரசும். உரசுனா என் கையும் இருக்காது, உங்க கையும் இருக்காது."

"அப்படியே குடுங்க. பிரிக்காமலே வச்சுக்கிடுதேன்."

"மருந்து அடைச்ச சரக்கு கேட்டைத் தாண்டக் கூடாதும்மா. பஸ்ல போயி உங்களுக்கு ஒண்ணு ஆனா, நான் உள்ள போகணும். என் பிள்ளைக தெருவுல நிக்கும்." கொஞ்சம் யோசித்து அவரே சொன்னார். "ஒண்ணு செய்யலாம். வாளித் தண்ணியில போட்டா மருந்து செத்துரும். பசையும் விட்டுரும். தாளு முழுசா வந்துரும்."

அந்த அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. இவர் மட்டும் குழாயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பசை கசிந்த ஓரத்தில் நீலம் கலங்கித் திட்டாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கார்டு விஷயத்தில் இவர் வாய் என்றைக்கு மூடியிருக்கிறது?

"பெரியம்மா, இது மைப்பேனா. தண்ணியில போட்டா எழுத்து நிக்காது" என்றார்.

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "லாரி?"

"லாரியும் போயிரும்."

உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் சாப்பிட்டுத் திரும்புகிற நேரம் என்று அய்யாதுரை அண்ணன் ரோட்டைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா. போடவா, இல்லை கலர் தாள் ஒட்டிப் பெட்டிக்குள்ள விட்டுரவா? தீவாளிக்கு யாராச்சும் கொளுத்திருவாக."

நானே அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. அந்த அம்மா அந்த டயரை இன்னொரு தடவை விரலால் தொட்டார். "போடுங்க" என்றார். "அவன் தொட்ட தாளாவது மிஞ்சட்டும்."

வாளி வந்தது. குழாய் முங்கி, அடியில் போய்க் கிடந்தது. களிமண் கரைந்து, மருந்து சாம்பல் நிறத்தில் புகைபோலக் கரைந்து வந்தது. ஊறட்டும் என்று எல்லோரும் குத்தவைத்துக் காத்திருந்தோம். பிறகு அய்யாதுரை அண்ணன் கைவிட்டு, சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்துக் கொடுத்தார். கார்டு முழுசாகத்தான் வந்தது. மஞ்சள் வெளிறிப்போன தாள், நடுவில் கம்பி ஓட்டை. அச்சடித்த ஸ்டாம்பின் புலித்தலை மட்டும் அப்படியே இருந்தது. வேறு ஒரு பொட்டு நீலம் இல்லை.

அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழவில்லை. பிறகு பார்வை வாளிக்குப் போனது.

அய்யாதுரை அண்ணன் வாளியைத் தூக்கினார். மருந்துத் தண்ணீரைக் கழிவுக் குழியில்தான் ஊற்ற வேண்டும், அது விஷம்.

"ஊத்தாதீக" என்றார் அந்த அம்மா.

எழுந்து வந்து வாளியின் பிடியை இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். "எழுத்து அதுலதான இருக்கு. ஊத்தாதீக அய்யா."

அய்யாதுரை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அய்யாதுரை அண்ணன் வாளியை மெல்லத் தரையில் இறக்கினார்; அந்த அம்மா பிடியை விடவில்லை.