கயலின் நீல ஹெட்போன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஓடைப்பட்டியில் ஒரு காதுகுத்து. பெரிய நீல ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். ஆட்டிசமாம், சத்தம் ஆகாதாம். அவளைச் சுற்றி எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். நல்ல மனசு இருந்தால் சந்தோஷம் வந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கிருபாவதி என்று ஒருத்தியை உண்டாக்கி அவள் தலையில் கட்டிவிட்டேன்.

2

'திராட்சைப் பந்தலில் பனி படர்ந்திருந்த காலையில் கிருபாவதி...'

(வேண்டாம். பனியெல்லாம் எதற்கு? விஷயத்துக்கு வருகிறேன்.)

கிருபாவதிக்கு முப்பத்தெட்டு வயது. சிறுமி கயல், அவள் தங்கை ஜோதிகாவின் மகள். மதுரை டாக்டர் கயலைப் பார்த்துவிட்டு ஆட்டிசம் என்று சொன்ன அன்று, ஜோதிகா போனில் அதன் அடையாளங்களை வாசித்துக் காட்டினாள். சத்தம் தாங்காது. தொட்டால் பிடிக்காது. தினமும் ஒரே சாப்பாட்டையே கேட்கும். வழக்கம் மாறினால் பதறும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கிருபாவதியின் கை நின்றது. இவள் என்னைப் பற்றியல்லவா வாசிக்கிறாள்!

அவளுக்கும்தான் காது குத்தினார்கள். நாலு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். மேளச் சத்தம் தாங்காமல் கத்தினாள். முதுகில் ரெண்டு விழுந்தது. "ஊரு ஒலகத்துல இல்லாத புள்ளையப் பெத்துருக்கேன்" என்று அம்மா தலையிலடித்துக்கொண்டாள். இன்றைக்கும் விசேஷம் என்றால் ஒரு வாரம் முன்பே ஒத்திகை தொடங்கிவிடும். "எப்ப வந்தீக?" என்று யாராவது கேட்டால் சொல்லவேண்டிய பதிலைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்ப்பாள்.

கயலுக்கு நீல ஹெட்போன் வாங்கியாயிற்று என்று கேட்டதும் கிருபாவதிக்குத் தோன்றியது: எனக்கு அடி, இவளுக்கு ஹெட்போனா?

(இங்கே நீங்கள் முகம் சுளிப்பீர்கள். ஆறு வயசுப் பிள்ளையிடமா பொறாமை? ஆமாம், அந்தப் பிள்ளையிடம்தான். அந்த வரியை அடித்துப் பார்த்தேன். கதை செத்துப்போனது.)

3

கயலின் காதுகுத்து. மேளம் கூடாது, வேட்டு கூடாது என்று தம்பி நாகராஜிடம் ஜோதிகா சத்தியம் வாங்கியிருந்தாள். அவன் தாய்மாமன், அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவன் வரும்வரை பந்தல் அமைதியாக இருந்தது. கயல் ஹெட்போனைக் கழற்றிப் பாயில் போட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கிருபாவதி அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் மாட்டிப் பார்த்தாள்.

அண்டா உருளும் சத்தம், பெண்களின் சிரிப்பு, எல்லாம் தூரப் போயின. தோள் தானாக இறங்கியது. இத்தனை வருஷமும் தோளைத் தூக்கியே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுதாள்.

(அடிக்குறிப்பாக ஒன்று: இதை எழுதும்போது எனக்குக் கிருபாவதி மேலேயே பொறாமை வந்துவிட்டது. நான் அந்த ஹெட்போனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.)

காதில் ஹெட்போன் இருந்ததால் வேட்டுச் சத்தம் கிருபாவதிக்குத் தாமதமாகத்தான் எட்டியது. நாகராஜ் கம்பம் டவுனிலிருந்து சீரோடு மேளத்தையும் கூட்டி வந்துவிட்டான். கயல் பாயில் சுருண்டு அலறிக்கொண்டிருந்தாள்.

"ஹெட்போன எங்க? இங்கனதான கெடந்துச்சு!" என்று ஜோதிகா பாயை உதறினாள்.

"தாய்மாமன் சீரு மேளமில்லாம வந்தா நாலு பேரு சிரிக்க மாட்டாகளா?" என்றான் நாகராஜ்.

"ஏலே, நிறுத்தச் சொல்லுடா!"

கத்திக்கொண்டு ஓடிவந்தவள் கிருபாவதி. மேளம் நின்றது. ஹெட்போன் அவள் தலையில் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கழற்றிக் கயலுக்கு மாட்டினாள்.

4

முடிவு ஒன்று: கயல் தன் சின்னக் கைகளால் பெரியம்மாவின் காதைப் பொத்துகிறாள். (சீ, சினிமா.)

முடிவு இரண்டு: கிருபாவதி மதுரை டாக்டரிடம் போகிறாள், அவர் நிமிர்ந்து பார்த்து... (போவாள், ஒரு நாள். இப்போது அவள் பந்தலை விட்டே நகரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். ஜோதிகா கேட்டாள்: "பச்சப் புள்ளயோடத நீ எதுக்குக்கா எடுத்த?"

சும்மா விளையாட்டுக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த பதில்களில் இந்தக் கேள்விக்கு ஒன்றுமில்லை. கிருபாவதி வாயைத் திறந்தாள்.

"எனக்கும்..."

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. இந்த வாக்கியத்தை முடித்தால் அது கிருபாவதியோடு நிற்காது, நேரே என் வீட்டுக்கு வந்துவிடும். பொறாமையை அவள் தலையில் கட்டியவள், இதை உங்கள் தலையில் கட்டுகிறேன். ஜோதிகா இன்னும் பதிலுக்கு நிற்கிறாள். நீங்கள் முடித்துச் சொல்லுங்கள்.

கொஞ்சம் மெதுவாக.