ஒன்பதாம் இலக்கத்தின் சிவப்பு

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு மனிதனின் சந்தோசத்துக்கு விலை இருபது யூரோ. பேரம் கிடையாது, அச்சடித்த விலை. கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் பதினான்காம் விதி அப்படித்தான் சொன்னது: கோல் அடித்தபின் அளவுக்கு மீறிக் கொண்டாடுபவருக்கு மஞ்சள் அட்டை, இருபது யூரோ அபராதம். இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. சிவப்பு வாங்கியவர் அடுத்த ஆட்டத்தை வெளியில் நின்று பார்க்கலாம்.

கல்லூரி என்றால் பட்டம் தருகிற இடம் என்று யாரும் மிரள வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்கே அந்தப் பெரிய பெயர். அங்கே ஏழாம் வகுப்போடு நின்றவனும் பாரிஸ் வந்து சேர்ந்ததும் 'எங்கடை கொலிஜ்' என்று நெஞ்சை நிமிர்த்துவான்.

விதியை எழுதியவர் குகதாசன். ரூ லூயி-பிளாங் வீதியில் தொலைபேசிக் கடை. எதற்கும் ஒரு விலையைப் போட்டுவிட்டால் மிச்சத்தைப் பேசித் தீர்க்கலாம் என்று நம்புகிறவர். போன வருடம் ஒரு கல்லூரியின் ஆட்கள் ஒற்றைக் கோலுக்கு மேளக்காரரை மைதானத்துக்குள் இறக்கி, காவலாளி வந்து விளக்கை அணைக்கும்வரை ஆடினார்கள். அந்தக் கடுப்பில் எழுதிய விதி. அவசரத்தில் 'அளவுக்கு மீறி' என்று எழுதியவர், அளவு எவ்வளவு என்று எழுத மறந்துபோனார்.

அந்த மறதிதான் இந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய கடையின் பின்னறையில், தொலைபேசி உறைப் பெட்டிகளுக்கு நடுவே, மூன்று கதிரைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒழுக்காற்றுக் குழு. தலைவர் குகதாசன். செயலாளர் புஸ்பராணி, கணக்காளர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை, வாயும் கணக்காகத்தான் இருக்கும். மூன்றாவது ஆள் அல்பிரட். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அட்டையைத் தூக்கிய நடுவரும் அவரே. வழக்குப் போட்டவரே நீதிபதியாகவும் இருப்பது முறையா என்றால், முறைக்கு ஆள் கிடைக்கவில்லை.

கதவோரம் நின்றவன் லியோனல், ஆவரம்பிட்டிக் கல்லூரியின் ஒன்பதாம் இலக்கம். உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். வந்ததும் வராததுமாக இருபது யூரோத் தாளை மேசையில் வைத்தான்.

"அபராதம் இந்தா கிடக்கு அண்ணை. வாற ஞாயிறு பைனலிலை மட்டும் என்னை விளையாட விடுங்கோ."

நடந்தது இதுதான். லெ பிளாங்-மெனில் மைதானத்தில் அரையிறுதி. காலைத் தட்டி விழுத்தியதற்காக லியோனல் ஏற்கனவே ஒரு மஞ்சள் வாங்கியிருந்தான். முடிகிற நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தான். அடித்தவன் தன் ஆட்களிடம் ஓடவில்லை. குனிந்து, முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த தடுப்புப் பட்டைக்குள் கையை விட்டு எதையோ உருவினான். நேரே நடுவர் அல்பிரட்டிடம் ஓடி, அவருடைய மூக்குக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடித்து, "கார்ட்! கார்ட்!" என்று கத்தினான். அல்பிரட் தன்னுடைய கார்ட்டைத் தூக்கினார்.

"நடுவர் ஆட்டக்காரனுக்குக் கார்ட் காட்டுறதோ, ஆட்டக்காரன் நடுவருக்குக் காட்டுறதோ?" என்றார் அல்பிரட். "இருபத்தைஞ்சு வருசமா விசில் ஊதுறன். என்னை இப்பிடி ஒருத்தரும் நக்கலடிக்கேல்லை."

"நக்கல் இல்லை அண்ணை. கார்ட் கிடைச்சிட்டுது எண்டு சொன்னனான்."

"ஓம், கிடைச்சதுதானே. நான்தானே தந்தனான்!"

"நீங்கள் தாறதுக்கு முதல் கிடைச்ச கார்ட் அண்ணை!"

"அது மஞ்சள். அதுவும் நான் தந்ததுதான்!"

குகதாசனுக்குத் தலை சுற்றியது. எந்தக் கார்ட்டைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்று பிடிக்கமுடியவில்லை. லா சப்பலில் வெறுமனே 'கார்ட்' என்றால் ஒன்றுதான்: இந்த நாட்டில் இருக்கலாம் என்று அரசாங்கத்தின் பிரெபெக்சர் அலுவலகம் தருகிற வதிவிட அட்டை. அதற்காகத்தான் சனம் வரிசையில் நின்று நரைக்கிறது. ஆனால் மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் அதே சொல் வேறு சாமானாகிவிடுகிறது.

"பிரெபெக்சர் குடுத்த கார்ட் அண்ணை," என்றான் லியோனல். "வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. எட்டு வருசம் காத்துக் கிடந்தனான்."

"அதை ஏன் ராசா காலுக்கை கட்டிக்கொண்டு விளையாடினனீ?" என்றாள் புஸ்பராணி.

"உடுப்பு மாத்திற அறையிலை வைச்சிட்டுப் போக ஏலுமே அக்கா? போன மாசம் அங்கை ஒருத்தன்ரை சப்பாத்தே காணாமப் போனது."

அல்பிரட் விடவில்லை. "கார்ட் கிடைச்ச சந்தோசம் கோல் அடிச்ச கொண்டாட்டத்திலை சேருமோ? கோலுக்குக் கொண்டாடினால் கோலுக்குக் கொண்டாடவேணும். வேறை விசயத்தைக் கொண்டுவந்து கலந்தால் அதுதான் அளவுக்கு மீறினது."

"கோல் அடிக்காமல் சும்மா வந்து காட்டியிருந்தால்?" என்றாள் புஸ்பராணி.

"அப்ப அது கொண்டாட்டமே இல்லை. ஒழுங்கீனம்."

"ஒழுங்கீனத்துக்கு எவ்வளவு?"

"அதுக்கு விதி எழுதேல்லை."

குகதாசன் வியாபாரத்துக்கு இறங்கினார். "சரி, ஒரு மாதிரி முடிப்பம். சிவப்பை மஞ்சளாக்குவம், மஞ்சளை எச்சரிக்கையாக்குவம். அல்பிரட், நீர் பாதி இறங்கும், நான் பாதி ஏறுறன்."

"கார்ட்டிலை பாதி இல்லை அண்ணை. பாதியா வெட்டி விக்க இது பாவற்காயே?"

முடிவாக, குற்றம் செய்த பொருளைப் பார்ப்போம் என்று குகதாசன் கையை நீட்டினார். லியோனல் கொஞ்சம் தயங்கி, சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கோடு கொடுத்தான். குகதாசன் கண்ணாடியை உயர்த்திப் பெயரை வாசித்தார். பிறகு மேசையிலிருந்த ஆட்டக்காரர் பட்டியலை வாசித்தார். பிறகு மறுபடி கார்ட்டை.

"தம்பி, இதிலை இராயப்பு லியோனல் எண்டு கிடக்கு. பட்டியலிலை ஒன்பதாம் இலக்கம் பிரின்ஸ்டன் எண்டெல்லோ கிடக்கு?"

"மைக்கிலையும் பிரின்ஸ்டன் எண்டுதான் கூப்பிட்டவை," என்றாள் புஸ்பராணி. "நான் அது வீட்டுப் பேராக்கும் எண்டு நினைச்சன்."

அதில் பிழை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர். இரண்டும் பொருந்தினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

லியோனல் நிலத்தைப் பார்த்தான். "அது என்ரை மச்சான் அண்ணை, திரான்சியிலை இருக்கிறான். மைதானத்து இன்சூரன்சுக்கு அடையாள அட்டையின்ரை போட்டோக் கொப்பி கேட்டவையள். அப்ப எனக்குக் கார்ட் இல்லை. அவன்ரையைக் குடுத்தனான். வேலையும் அவன்ரை பேரிலைதான். சம்பளத்தாளும் அவன்ரை பேரிலைதான்."

அல்பிரட் தன் சட்டைப் பையைத் தடவினார். "அப்ப நான் ஆருக்குச் சிவப்புக் காட்டினனான்?"

குகதாசன் பிரின்ஸ்டனை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"எனக்குச் சிவப்போ?" என்று பிரின்ஸ்டனின் குரல் அறையை நிறைத்தது. "ஞாயிறு முழுக்க நான் வீட்டிலை படுத்தெல்லோ கிடந்தனான்! பந்தைத் தொட்டே பதினைஞ்சு வருசம்!"

"உம்மடை பேரிலை நாலு கோலும் கிடக்கு," என்றாள் புஸ்பராணி.

பிரின்ஸ்டனின் குரல் குழைந்தது. "நாலோ? அதை வட்சப் குறூப்பிலை போடுவியளோ அக்கா?"

அந்த இடத்தில்தான் குகதாசனுக்கு வழி திறந்தது. அழைப்பை வைத்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். பட்டியலில் இன்னும் ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. வெள்ளிவரை புது ஆள் சேர்க்கலாம். ஞாயிறு விளையாடியவன் பிரின்ஸ்டன், சிவப்பும் பிரின்ஸ்டனுக்கு. அல்பிரட்டின் தீர்ப்பில் ஒரு கீறலும் விழாது. வாற ஞாயிறு இராயப்பு லியோனல் என்று ஒரு புது ஆள், ஒரு மஞ்சளும் இல்லாத சுத்தமான ஆள், சொந்தப் பெயரில் இறுதி ஆட்டம் ஆடுவான்.

"நல்ல விலை," என்றார் அல்பிரட், முதல் தடவையாகச் சிரித்து.

லியோனலின் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ தட்டுப்பட்டதுபோல நின்றது. "அப்ப கோல்?"

"என்ன கோல்?"

"ஞாயிறு அடிச்சது. மற்ற மூண்டும்."

"அது பிரின்ஸ்டன் அடிச்சது," என்றார் குகதாசன் பொறுமையாக. "அவனுக்குக் கார்ட்டைக் குடுத்திட்டுக் கோலை உனக்குத் தர ஏலாது. சாமானைப் பிரிச்சு விக்கிறேல்லை."

லியோனல் மேசையிலிருந்த தன் கார்ட்டை எடுத்து, பிளாஸ்டிக்கைச் சுற்றினான்.

"வேண்டாம் அண்ணை. எட்டு வருசமா நான் கழுவின கோப்பை எல்லாம் அவன் கழுவினதாத்தான் எழுதிக் கிடக்கு. கோலையும் குடுக்க ஏலாது. கோலும் என்ரை, கார்ட்டும் என்ரை. ரெண்டையும் என்ரை பேரிலை எழுதுங்கோ."

"விசரே உனக்கு? பைனல் போகும்!"

"ஓம் அண்ணை. பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"புது ஆள் எண்டு எழுதாட்டில் ஆள்மாறாட்டம் எண்டு உன்ரை அணியையே வெட்டச் சொல்லுவாங்கள்!" என்றார் குகதாசன்.

"எழுத்துப் பிழை எண்டு எழுதுங்கோவன்," என்றாள் புஸ்பராணி. "உங்கடை கார்ட்டிலை உங்கடை பேரே அரைவாசிதானே கிடக்கு அண்ணை. பிரெபெக்சர் விட்ட பிழையை நாங்கள் விடக்கூடாதோ?"

"பிரின்ஸ்டனுக்கும் லியோனலுக்கும் நடுவிலை என்ன எழுத்துப் பிழை?"

"ஒரு 'ன' பொதுவாக் கிடக்கு. அது காணும்."

"நன்றி அண்ணை," என்றான் லியோனல் அல்பிரட்டிடம். அல்பிரட் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். சிவப்பு வாங்கியவன் தனக்கு நன்றி சொன்னது அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் கொடுத்தார். குகதாசன் வாழ்க்கையில் நிறையப் பேரம் பார்த்திருக்கிறார். இலாபத்தை மேசையில் விட்டுவிட்டு நட்டத்தைப் பெயர் போட்டு வாங்கிக்கொண்டு, இவ்வளவு சந்தோசமாகப் படியிறங்கிப் போகிறவனை இன்றுதான் பார்க்கிறார். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று அவர் இன்னும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கையில், புஸ்பராணி தீர்ப்பை எழுதி வாசித்தாள்:

"ஒன்பதாம் இலக்கம், இராயப்பு லியோனல்: கோல் நாலு, மஞ்சள் ரெண்டு, சிவப்பு ஒண்டு. பிரின்ஸ்டன்: கோல் இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. பாக்கி: ஒரு இறுதி ஆட்டம்."