பால் மணி

பத்து மணிக்கு அடிக்க வேண்டிய பால் மணி அன்றைக்கு அடிக்கவில்லை. ராட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாரித்தாய் இரண்டு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தாள். அந்த ஆற்றங்கரை மில்லில் கைக்குழந்தைக்காரிகளுக்கென்று தனியாக ஒரு மணி உண்டு. அடித்ததும் பெரிய கதவைத் தாண்டிப் புளியமரத்தடிக்கு ஓடலாம். அங்கே அவள் நாத்தனார் இசக்கியம்மா ஐந்து மாதப் பிள்ளையோடு காத்திருப்பாள்.

மணிக்குப் பதிலாக, மில் கணக்கு எழுதும் ரைட்டர் தில்லைநாயகம் பிள்ளை வந்தார்.

"ஜெர்மன் சண்டையில நூல் சிப்பம் கப்பலேறாம தூத்துக்குடியில கெடக்கு. செலவச் சுருக்கணும்னு துரை உத்தரவு. இனிமே பால் மணி கெடையாது. சாயங்காலம் வீட்ல போயி குடுத்துக்கிடுங்க."

"எய்யா, நாங்க பால் குடுக்கதுல கம்பெனிக்கு என்ன செலவு?" என்றாள் மாரித்தாய்.

"கால் மணி நேரம் ராட்டு சும்மா நிக்குல்லா?"

பக்கத்து ராட்டுக்காரி கோமுவுக்கு வாய் சும்மா இருக்காது. "துரை குதிரை தெனமும் ஆத்துக்குக் குளிக்கப் போவுதே, அதச் சுருக்கலியா?"

ரைட்டருக்குச் சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டார். "ஏட்டி, அது வாயில்லாச் சீவன்."

"எம் புள்ள மட்டும் பேசுதானா?" என்றாள் மாரித்தாய். அதற்குள் அவர் போய்விட்டார்.

மணி அடிக்காவிட்டாலும் மார்புக்கு நேரம் தெரிந்திருந்தது. மறுநாள் பத்து மணிக்குச் சேலை நனைந்துவிட்டது. கழிவு நூல் கூடையைக் கொட்டுகிற சாக்கில் முற்றத்துக்கு வந்தாள். ஆற்றுக்குப் போகிற குதிரைக்காகக் கதவு திறந்தது. மரத்தடியில் இசக்கியம்மா கையில் பிள்ளை தெரிந்தான். நீராகாரம் நனைத்த துணியை வாயில் வைத்தால் துப்புகிறான் என்று இசக்கியம்மா சொல்லியிருந்தாள். ஒரே ஒரு தடவை அவனைத் தூக்கி உச்சியை முகர்ந்தால் போதும் என்றிருந்தது மாரித்தாய்க்கு.

குதிரைக்காரர் மதார் அவள் சேலையைப் பார்த்தார். கதவு நடுவிலேயே குதிரையை நிறுத்தி, அதன் காலைத் தூக்கினார்.

"லாடத்துல கல்லு சிக்கியிருக்கு வே, கதவச் சாத்தாதீரும்" என்றார் காவல்காரனிடம். பிறகு, பைய, "ஓடு தாயி. வெரசா வா."

பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் குடித்தான்.

நாலு நாள் தினமும் லாடத்தில் கல் சிக்கியது. ஐந்தாம் நாள், குதிரை ஏன் பிந்தி வருகிறது என்று துரை காவல்காரனைக் கேட்டார். அவன் கல்லைப் பற்றிச் சொன்னான். குதிரையின் கால் நோவதை நினைத்துத் துரைக்கு மனசு பொறுக்கவில்லை. அடுத்த நாளே கொத்தனார்கள் வந்தார்கள். கதவுக்கு உள்பக்கம், குதிரை அங்கேயே குளிக்கக் கருங்கல்லில் ஒரு தொட்டி எழும்பியது. எஞ்சின் தண்ணீரைக் குழாய் வைத்துத் திருப்பினார்கள்.

தொட்டி முடிந்த மறுநாள், பத்து மணி. கதவு திறக்கவில்லை. வெளியே பிள்ளை அழுவது கேட்டது. கூடையோடு நின்ற மாரித்தாயின் முகத்தைப் பார்க்காமல், மதார் குதிரையின் முதுகில் தண்ணீரை ஊற்றினார். தொட்டி நிறைந்து வழிந்தது. அவள் மார்பிலிருந்து சொட்டியது அந்தத் தண்ணீரில் கலந்தது. சாத்தியிருந்த கதவின் அடி இடுக்கு வழியாக அது வெளியே ஓடியது.