விரிப்பு வெள்ளையான பிறகு

...இதோ, இப்போது சரியாக வரும் பார், மூன்று படம், மூன்று வெளிச்சம், ஒரே சுண்டெலி... அக்கா பெற்ற சுண்டெலி, நான்கு நாளாக நான் சித்தி! பிறந்த அன்று ஆஸ்பத்திரி ஜன்னலோரம் எடுத்தது, நீலம் பூத்துக் கிடக்கிறது; அடுத்தது டியூப்லைட்டில், பச்சை அடிக்கிறது; இன்று காலை வீட்டில், மஞ்சள் பல்புக்குக் கீழே, ஆளே மாம்பழம்... அக்கா வீட்டுக்காரர், அதான் மாமா, அவர் கையில் போனைக் கொடுத்தால் போதும், வெளிச்சம் எங்கே மோசமோ அங்கேதான் போய் நிற்பார். மூன்றையும் ஒரே சட்டத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கொண்டுபோய், அக்கா கட்டிலுக்கு எதிரே மாட்டி அசத்த வேண்டும். நிறம் ஒத்துப்போகாவிட்டால் மூன்று குழந்தை என்று நினைக்கமாட்டார்களா? சட்டைக் கம்பெனி விளம்பரப் படங்களுக்கு நாள் முழுக்க நிறம் பார்க்கிறவள் நான், சொந்த அக்கா பிள்ளையை மூன்று நிறத்தில் மாட்டினால் தொழிலுக்கே கேவலம்.

நல்லவேளை, மூன்றிலும் அதே வெள்ளை விரிப்பு. கண்ணை நம்பக் கூடாது, கண் சரியான ஏமாளி, ஐந்து நிமிடம் மஞ்சள் பல்புக்குக் கீழே உட்காரவைத்தால் மஞ்சளையே வெள்ளை என்று சத்தியம் செய்யும்... விரிப்பைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று கணினிக்குச் சொல்ல வேண்டும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் சமமாக நின்றால் வெளிச்சத்தின் சாயம் கழன்றது என்று அர்த்தம். முதல் படம், தொட்டேன், ஆகா, நீலம் ஓடியே போயிற்று! இரண்டாவதில் பச்சை போச்சு. மூன்றாவது... சமம், சமம், சமம்! மூன்று விரிப்பும் ஒரே வெள்ளை, எழுந்து ஒரு சுற்று ஆடலாம் போலிருந்தது, ஆடினேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

உட்கார்ந்து பார்த்தால் சுண்டெலி மட்டும் ஒத்துவரவில்லை. முதல் படத்தில் செக்கச்செவேல் என்று இருக்கிறது, இரண்டாவதில் லேசாக மங்கல், மூன்றாவதில் இன்னும் மாம்பழம்தான். சரி, தோலுக்குத் தனியாக மஞ்சளைக் குறைத்தால் ஆயிற்று, விளம்பரத்து முகங்களுக்குத் தினமும் செய்வதுதானே... குறைத்தேன், எவ்வளவு அழகு, அப்படியே முதல் படத்துக் குழந்தை! சேமிக்கக் கை போனது. ஆனால், இரு, விரிப்பு வெள்ளையாக இருக்கிறதே? பல்பின் மஞ்சளை முழுசாக எடுத்துவிட்டேனே? அப்படியென்றால் இது யாருடைய மஞ்சள்? குறைத்ததைத் திரும்ப ஏற்றினேன். பாதி திறந்த கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன், விழியின் வெள்ளையிலும் மஞ்சள்.

போனை எடுத்து, "மாமா, குழந்தைய ஜன்னல்கிட்ட தூக்கிட்டுப் போங்க, கண்ணு மஞ்சளா இருக்கா பாருங்க" என்றேன். "ஆரம்பிச்சிட்டியா? பல்பு வெளிச்சம்மா அது. நாங்க எல்லாரும் பார்த்துட்டுத்தானே இருக்கோம்" என்று சிரிக்கிறார். "பார்த்துட்டே இருக்கீங்க, அதனாலதான் தெரியல, போங்க மாமா!" கத்திவிட்டேன், மாமாவிடம் இப்படிக் கத்தியதே இல்லை. திரை விலகும் சத்தம். பின்னாலிருந்து அக்கா, "நேத்துலேருந்து பால் சரியா குடிக்கலன்னு சொன்னேன்ல." மாமா குரல் மாறிப்போயிருந்தது. "உடனே டாக்டர்கிட்ட கிளம்புறோம்மா," வைத்துவிட்டார்.

மஞ்சள் காமாலை, பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதான், சீக்கிரம் பார்த்தால் சரியாகிவிடும், தோழியின் பையனுக்குக்கூட வந்தது, இப்போது வீட்டையே இரண்டாக்குகிறான்... கண்டுபிடித்துவிட்டேனே, இங்கே உட்கார்ந்துகொண்டே, நான்! இது பெருமையா பயமா, இரண்டும்தான். போன் இன்னும் அடிக்கவில்லை. கை மட்டும் மவுஸை விடவில்லை, குறைக்கிறேன், ஏற்றுகிறேன், மறுபடி குறைக்கிறேன்... இங்கே குறைத்தால் அங்கே சுண்டெலிக்கும் குறையும் என்று நம்புகிறேனா என்ன?