அய்யாவுவின் பிராது

பிரிக்பீல்ட்ஸ் கோயில் பஞ்சாயத்துக்கு வேலாயுதம்தான் தலைவர். மாட்டுவண்டிகள் வைத்து வாடகைக்கு ஓட்டிப் பெரிய மனுஷரானவர். புருஷன் பெண்டாட்டி சண்டை, கள்ளுக்கடை அடிதடி என்று அவர் தீர்க்காத வழக்கில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த வழக்கைக் கேட்டதும் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. ரயில்வேயில் தண்டவாளம் போட்டு ஓய்ந்த கிழவர் அய்யாவு, பெற்ற மகன் மேலேயே பிராது கொண்டுவந்திருந்தார். இனி அவன் வீட்டில் இருக்க மாட்டாராம். கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் படுத்துக்கொள்ள இடம் வேண்டுமாம்.

"அடிச்சானா?" என்று கேட்டார் வேலாயுதம்.

"இல்லீங்க."

"மருமக சோறு போடலியா?"

"அதெல்லாம் வேளைக்கு வந்துடுது. ஞாயித்துக்கெழம கறிகூட உண்டு."

கூட்டம் சிரித்தது. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவன் வேலாயுதத்தின் மூத்த மகன் பக்கிரிசாமி. அய்யாவுவின் மகன் சபாபதி தலை நிமிர்ந்து நின்றான். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை, குடி கிடையாது, நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும். அதில் பொய்யும் இல்லை. கிழவனுக்குக் கொழுப்பு, நாலு வார்த்தை திட்டி அனுப்ப வேண்டியதுதான் என்று வேலாயுதம் முடிவே கட்டிவிட்டார்.

"பின்ன என்னதான்யா உன் குறை?"

அய்யாவு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "சவரம் பண்ணிக்கப் போனேங்க. பேத்திக்குக் கிள்ளான்ல மாப்பிள்ளை நிச்சயமாயிடுச்சாமேன்னு நாவிதர் கேட்டாரு. போன வாரமே எல்லாருமாப் போயி தாம்பூலம் மாத்திட்டு வந்திருக்காங்க. நான் பாசாருக்குச் சாமான் வாங்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

"ஒடம்புக்கு முடியாதவரை அலைய வைக்க வேணாம்னுதான்..." என்று இழுத்தான் சபாபதி.

"அலைய வைக்க வேணாம்டா. சொல்லியிருக்கலாமில்ல?"

வேலாயுதம் சற்று முன்னால் குனிந்தார். "நாவிதர்கிட்ட நீ என்ன சொன்னே?"

"தெரியுமேன்னு சொன்னேன். மாப்பிள்ளை தங்கமான பையன்னும் சொல்லிட்டு வந்தேன்."

வேலாயுதத்துக்குத் தன் மாட்டுக் கொட்டகை நினைவுக்கு வந்தது. போன மாசம் கொட்டகைக்குப் போனவர் வெறும் கட்டுத்தறியைத்தான் பார்த்தார். லோரி வாங்குவதற்காகப் பிள்ளைகள் மாடுகளை விற்றிருந்தார்கள். ஒவ்வொன்றும் அவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கியது. "உங்களுக்குத் தெரியாதா மொதலாளி?" என்று வண்டிக்கார ரெங்கசாமி கேட்டபோது, "நான்தான் விக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கும் வீட்டில் இலை நிறையப் பரிமாறினார்கள். உயிரோடு இருக்கும்போதே தனக்குக் காரியம் செய்துவிட்டது போல இருந்தது. யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை.

இப்போது இதைக் குற்றம் என்று சொன்னால் தன் வீட்டுக் கதையும் சந்திக்கு வரும். பிள்ளைகள் முகத்தில் விழிக்க முடியாது. குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் வம்பில்லை. அய்யாவு மறுபேச்சுப் பேசாமல் மகன் பின்னால் நடந்து போய்விடுவார். போய் அந்த வீட்டு மூலையில் உட்கார்ந்து வேளைக்குச் சாப்பிடுவார்.

"என்னப்பா, இதெல்லாம் ஒரு குத்தமா?" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான் பக்கிரிசாமி. "சட்டுனு முடிச்சு அனுப்புங்க."

"குத்தம்தான்" என்றார் வேலாயுதம். கூட்டத்திலிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீயும் எந்திரிச்சு வா. வந்து சபாபதி பக்கத்துல நில்லு."