டிரைவரின் இடது கால்

அந்த டிரைவர் எங்கே உட்கார்ந்தாலும் வலது கால் தரையில் இருக்கும்; இடது கால் தரைக்கு நான்கு விரல் மேலே, அங்கே இல்லாத ஒரு கிளட்ச்சின் மேல் இருக்கும். நடக்கும்போது எல்லாரையும் போலத்தான் நடப்பார். கல் உடைக்கும் மேட்டுக்கு இருபத்தாறு வருடமாக ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். நாலு சக்கரமும் இழுக்கும் அவருடைய பழைய ஜீப்பைத் தவிர வேறு வண்டி எதுவும் அந்தச் சரிவில் ஏறாது. சரிவில் நின்றால் ஹேண்ட் பிரேக்கை இழுக்க மாட்டார். கிளட்ச்சிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பார். கடைசியாக ஓடிவருகிறவர் தொற்றி ஏறி, பக்கத்துத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஏறியாச்சு!" என்று கத்திய பிறகுதான் காலை எடுப்பார். கால் அப்படியே பழகிவிட்டது. வீட்டில் அவர் அந்தக் காலைக் கீழே அமுக்கினால், ஓடிக்கொண்டிருப்பது எதுவோ அது கழன்றுகொள்ளும். ஃபேனில் மோட்டார் உறுமும், இறக்கை நின்றுவிடும். அவர் மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பாள், ஊசி இறங்காது. "என்னங்க, காலைக் கொஞ்சம் எடுங்க, இந்த ஓரத்தை முடிச்சுக்கறேன்" என்பாள், வெளிச்சத்தை மறைக்கிறவரை நகரச் சொல்வது போல. அவரும் எடுப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், கோபக்காரி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாததால் ஆறு வயதிலிருந்து வீட்டுக்கு வந்த காகிதம் அத்தனையையும் அவள்தான் படித்துச் சொன்னாள்: கரண்ட் பில், மருந்துச் சீட்டு, அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு. பிறகு அந்த வீட்டில் முதல் ஆளாகப் பட்டமும் வாங்கினாள். பொட்டைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து ஆரம்பித்தால் எழுந்து நின்று கத்துவாள். பாதியில் அப்பா காலை அமுக்குவார். அவள் வாய் அசையும், கழுத்து நரம்பு புடைக்கும், கோபம் மட்டும் யாருக்கும் போய்ச் சேராது. அவர்கள் போன பிறகு அவரிடம் பாய்வாள். "என்னை ஏன் அமுக்கறீங்க? அவங்களை அமுக்குங்க!" என்பாள். "அவங்ககிட்ட ஓடறது என்னம்மா இருக்கு, அமுக்கறதுக்கு?" என்பார் அவர்.

குடிநீரைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரம். இருபதாம் தேதிக்குள் சேரவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயருக்கு வேலை போய்விடும். கடிதத்தை அவளே படித்துச் சொன்னாள். அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், இரண்டு நாள் திருப்பித் தரவில்லை. பன்னிரண்டாம் தேதி அவள் ஏறிய பஸ் உறுமியது, நகரவில்லை. மற்றவர்கள் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள். அவள் இறங்கியதும் கிளம்பிவிட்டது. பதின்மூன்றாம் தேதியும் அதே. பதினான்காம் தேதி நடத்துனர் படியிலேயே மறித்துக்கொண்டு, "அப்பா காலை எடுத்துட்டாரான்னு பார்த்துட்டு வந்து ஏறும்மா, மத்தவங்களும் ஊர் போய்ச் சேரணும்ல?" என்றார். பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். வியர்த்திருந்தது. "நான் அமுக்கலம்மா. அதுவா இறங்குது," என்றார். அது பொய்யில்லை.

அவர் வேறு ஒரு வழி சொன்னார். பஸ் நிலையம் வரை தானே ஜீப்பில் கொண்டுபோய் விடுவதாகவும், வண்டி ஓட்டும்போது கால் தன் பேச்சைக் கேட்கும் என்றும் சொன்னார். ஜீப் தெருமுனை மேட்டில் உறுமி, கருகிய நாற்றம் வீசி, மெதுவாகப் பின்னால் வழுக்கி வீட்டுக்கே வந்து நின்றது. இருபத்தாறு வருடம் சரிவில் பிடித்துப் பிடித்துக் கிளட்ச் தட்டு காகிதமாகத் தேய்ந்திருந்தது. பட்டறையில் பத்து நாள் கேட்டார்கள். "நானே கழட்டறேன்" என்றாள் மகள். புதுத் தட்டும் பேரிங்கும் ஒரு கையேடும் வாங்கி வந்து, பதினைந்தாம் தேதி காலை, வாசலில் வண்டிக்கு அடியில் புகுந்தாள். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு ஷாஃப்ட்டையும் கழற்றினாள். துருப்பிடித்த ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் பெயரை வைத்துத் திட்டித் திருகினாள். மாமா பெயர் வைத்த போல்ட் கடைசிவரை இளகாமல், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கி, அம்மாவின் பழைய மெத்தை மேல் அப்பாவும் அவளுமாக இறக்கினார்கள். அதற்கே மூன்று நாள் ஆயிற்று. "அந்த மெத்தையில இனி நீங்களே படுத்துக்கங்க" என்றாள் அம்மா.

பதினெட்டாம் தேதி மதியம் அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அப்பா புதுத் தட்டை வைத்து, மூடியை மேலே பொருத்தி, ஆறு போல்ட்டையும் இறுக்கிவிட்டார். அவள் திரும்பி வந்து மூடியின் நடு ஓட்டை வழியாக டார்ச் அடித்தாள். எஞ்சின் பக்கம் இருக்க வேண்டிய முகம் எது என்று தட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எஞ்சினைப் பார்க்க வேண்டிய அந்த எழுத்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு எழுத்து தேவையே இல்லை. ஸ்பிரிங் புடைத்த பக்கத்தை விரலால் தடவியே சரியாக வைத்துவிடுவார், இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

"அப்பா, திருப்பிப் போட்டிருக்கீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"எல்லாம் மாட்டி முடிக்க ஒரு நாள். கிளட்ச் பிடிக்கலன்னு மறுபடி இறக்க மூணு நாள். இருபது தாண்டிடும்." கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். "பஸ்ஸை நிறுத்தினது கால்தாம்மா. இது நான்."

அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து நின்று கத்தினாள். அவர் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார், கால் நான்கு விரல் உயரத்தில் நின்றது. அமுக்கவில்லை. அன்றைக்குத்தான் அவளுடைய கோபம் முழுசாக, ஒரு சொல் குறையாமல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில், "ஆறு வயசுலேருந்து உங்களுக்குப் படிச்சுச் சொல்றேனே, ஒரு தடவையாவது பொய்யாப் படிச்சிருக்கேனா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். "ஸ்பேனரைக் கொடு" என்று வாங்கிக்கொண்டு, இடது முழங்காலைக் கையால் மடக்கி, தானே உள்ளே புகுந்து, ஆறு போல்ட்டையும் கழற்றித் தட்டைத் திருப்பி வைத்தார். அவள் டார்ச் பிடித்தாள். எழுத்து உள்ளே போய் மறைந்தது. அன்று மாலையே கியர்பாக்ஸை ஏற்றினார்கள். அவள் முன்னால் தள்ள, அவர் பின்னாலிருந்து ஷாஃப்ட்டை ஒரு பல், இரண்டு பல் என்று திருப்பிக் கொடுக்க, அது மெல்ல வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

இருபதாம் தேதி விடியற்காலை ஜீப் ஒரு குலுக்கல் இல்லாமல் தெருமுனை மேட்டில் ஏறியது. அவள் பஸ்ஸில் ஏறினாள். அப்பாவும் அம்மாவும் ஜீப்பிலேயே இருந்தார்கள். பஸ் உறுமியது, நகரவில்லை. பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியாக ஜீப்பைப் பார்த்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், சரிவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு யாருக்கோ காத்திருப்பது போல. அவளுக்கு வாய் வரை ஒரு திட்டு வந்தது. அப்புறம் புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஏறியாச்சுப்பா!"

அவர் காலை எடுத்தார். ஒரேயடியாக எடுக்கவில்லை, நல்ல டிரைவர் எடுப்பது போல, நூல் நூலாக. பஸ் அசைந்ததே தெரியவில்லை, பக்கத்து சீட்டில் தூங்கிய குழந்தை விழிக்கவில்லை, மரங்கள் மட்டும் பின்னால் போகத் தொடங்கின.

இப்போது அவள் மாதம் ஒருமுறை வந்து போகிறாள். அவள் திரும்புகிற நாளில் அந்த பஸ் ஆறு நிமிடம் பிந்திக் கிளம்பும். பஸ் நிலையப் பலகையில் அந்த நாளுக்கு மட்டும் நேரத்தை அப்படியே திருத்தி எழுதிவிட்டார்கள். அந்த ஆறு நிமிடத்தில் பஸ் டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். பிறகு தகரத்தில் இரண்டு தட்டு கேட்கும், பஸ் போகும்.