இன்னும் ஒரு பூச்சு

"நீங்க ரெண்டு பேரும் எப்பக்கா வர்றீங்க?"

"கார் அடியில வேலை நடக்குதுடி."

"போன தடவையும் இதைத்தான் சொன்னே. அத்தான் அந்தக் காரை ஓட்டுறதுக்கு வாங்கினாரா, அதுக்குக் கீழ படுத்துக்கிறதுக்கு வாங்கினாரா?"

தங்கை போனில் இப்படிக் கேட்டபோது டீச்சர் சிரித்துச் சமாளித்துவிட்டாள். இப்போது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கார் ஷெட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. சிரிப்புதான் வரவில்லை.

"வெளிச்சம் ஆடுது டீச்சர்" என்றது காருக்கு அடியிலிருந்து ஒரு குரல். குரலுக்குச் சொந்தக்காரரின் பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பள்ளியில் அவள் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அடுத்தவர் கண்ணைச் சோதித்தே பழகியவர், காரின் அடிவயிற்றில் கடுகளவு துருவைக்கூட விடமாட்டார்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு உப்புத்தாள். அப்புறம் துருவைக் கறுப்பாக்கும் ஏதோ ஒரு திரவம், அதற்கு மேல் பிரைமர், அதற்கும் மேல் தார் மாதிரி ஒரு பிசுபிசுப்பான பூச்சு. ஒவ்வொரு வாரமும் இதோடு முடிந்தது என்பார். மறுவாரம் இன்னும் ஒரு பூச்சு என்று ஒற்றைக் காலில் நிற்பார். அவர் கீழே விரித்துப் படுத்த அவளுடைய பழைய பெட்ஷீட்டுகள் எல்லாம் கறுப்பாகிவிட்டன. சாப்பாட்டில்கூடத் தார் வாசனை.

அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. இதற்கு முன்னால் இருந்த பழைய காரில் துரு உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டு வந்து, ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் கால், அடியில் விரித்த மேட்டோடு சேர்ந்து, தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு கீழே போய்விட்டது. செருப்பு ரோட்டில் தேய, வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு அவர் முகம் வெளிறிப்போனதை அவள் மறக்கவில்லை. இந்தக் கார் வந்த அன்றே, "இனி உன் கால் ரோட்டைத் தொடாது" என்று சொல்லிவிட்டார். சொன்னது சரி. ஆனால் சக்கரமும் ரோட்டைத் தொடவில்லையே.

தங்கை கடலோரமாகக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. ஜன்னலைத் திறந்தால் அலை தெரியுமாம். அங்கே போகும் பேச்சை எடுக்கும் முன்பே அவர் முந்திக்கொள்வார். உப்புக்காற்று காரோட அடிச்சட்டத்துக்கு ஆகவே ஆகாது, நீ வேணும்னா பஸ்ல போய்ட்டு வாயேன் என்பார். பஸ்ஸில் போய்வர அவளுக்குத் தெரியாதா? முன்சீட்டில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து, நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடித்து, வழி தவறியதற்கு யார் காரணம் என்று சண்டை போட்டுக்கொண்டு போக வேண்டும் அவளுக்கு. அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. தங்கை வீட்டு போட்டோவை அவர் கண்ணில் படும்படி வைப்பாள், லீவு வருகிறது என்று காற்றில் சொல்லிவைப்பாள். ஜாடையாகச் சொன்னதை அவர் கவனிக்கவில்லை என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நேராகக் கேட்டு, முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் எதைச் சொல்லித் தேற்றிக்கொள்வது?

ஒருவழியாக அவர் வெளியே வந்தார். முடிந்துவிட்டதாம், நிஜமாகவே முடிந்துவிட்டதாம். ஜாக்கியையும் தாங்கிகளையும் எடுத்துவிட்டு, காரை வெளியே கொண்டுபோய்ப் பளபளவென்று கழுவினார். டீச்சருக்கே மனசு லேசாகிவிட்டது. எந்தப் பை எடுக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டாள். அவர் ஏறி உட்கார்ந்து காரைப் பின்னால் எடுத்தார்.

சளக்.

பிரேக் போட்டார். சளக், சளக். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து வந்தது.

அவர் இறங்கித் தரையில் படுத்தார். பழக்க தோஷத்தில் அவள் டார்ச்சை நீட்டினாள். நீட்டியதும் அவளுக்கு உறைத்தது. அந்தக் கூட்டின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. இது எதுக்குங்க என்று அவர் வேலையைத் தொடங்கிய அன்றே அவள் கேட்டிருந்தாள். கம்பெனிக்காரன் அடைக்க மறந்துட்டான், நாம அடைச்சிடலாம் என்று பெருமையாகச் சொன்னார். ஒன்று விடாமல் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் பூச்சுக்கு மேல் பூச்சு. உள்ளே இறங்குகிற மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் வடிவதற்காகவே விட்ட ஓட்டைகள் அவை. ஒவ்வொரு பூச்சுக்கும் முன்னால் அவர் கழுவிய தண்ணீர் அத்தனையும் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

ஸ்க்ரூடிரைவரால் ஒன்றைக் குத்தித் திறந்தார். பழுப்புத் தண்ணீர் பீச்சியடித்து நேராக அவர் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. சந்தேகமே வேண்டாம், துருவேதான்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். மோவாயிலிருந்து துருத்தண்ணீர் சொட்டியது. வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை சிரித்திருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் காருக்கு அடியில் தலையை நுழைத்தார்.

"எல்லாத்தையும் சுரண்டி எடுத்திடலாம் டீச்சர். உள்ள காயவெச்சு, முதல்லேருந்து ஆரம்பிச்சா, அடுத்த மழைக்குள்ள..."

டீச்சர் டார்ச்சை அணைத்தாள்.

"லைட்டு" என்றார்.

"லைட்டு கிடையாது. வெளிய வாங்க, என் மூஞ்சியைப் பாருங்க."

வந்தார், பார்த்தார். இத்தனை நாள் ஜாடையில் ஒளித்து வைத்திருந்ததை இனிமேல் ஒருநாள்கூட வைத்திருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஓட்டை எல்லாத்தையும் திறந்து விடுங்க, தண்ணி வடியட்டும். அப்புறம் கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க. கடலோரம் என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். பஸ்ல இல்ல, இந்தக் கார்ல. தனியா இல்ல, உங்களோட. என்னைக் கூட்டிட்டுப் போங்க."